குருவிக்குப் போட்ட வேலி

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் நம்மில் ஒருத்தி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "இவ ஒருத்தி வாயாலதான் அஞ்சு குடும்பத்துக்குக் கழனி போச்சு." சிலர் சிரித்தீர்கள். நான் அப்போது பதில் சொல்லவில்லை. பெண் வீட்டார் பக்கத்தில் நின்றிருந்தார்கள், வாயில் சோறு இருந்தது. இப்போது சொல்கிறேன். ஆமாம், என்னால்தான் போனது. ஆனால் வாயால் இல்லை. நான் நின்ற இடத்தால் போனது. அதற்காக இன்று வரை ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லை.

அன்று என்னோடு அங்கே நின்ற நீங்கள் நாலு பேரும் எல்லாவற்றையும் பார்த்தவர்கள். ஆனால் உங்கள் பிள்ளைகள் பார்க்கவில்லை. அவர்களுக்கு யாராவது கதையை மாற்றிச் சொல்வதற்கு முன்னால் நானே எழுதி வைத்துவிடுகிறேன். எங்கள் வம்சத்தில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

பாகூர் ஏரிக்கு ஒரு பக்கம்தான் கரை. எதிர்ப்பக்கம் நிலம் மெல்ல மேடேறிப் போய்ப் பெரிய வீட்டுக்காரரின் கழனியைத் தொடும். மழைக்காலத்தில் தண்ணீர் அவருடைய வரப்பு வரைக்கும் தளும்பி நிற்கும். தை பிறந்து தண்ணீர் உள்வாங்க ஆரம்பித்ததும், அந்த வரப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே கறுப்புச் சேறு நீளமாக வெளியே வரும். கையை விட்டால் முழங்கை வரை போகிற சேறு. அதற்கு எருவும் வேண்டாம், பெரிய உழவும் வேண்டாம். அந்தச் சேற்றை ஐந்து துண்டாக்கி எங்கள் தெருவில் ஐந்து குடும்பங்களுக்குப் பெரிய வீட்டுக்காரர் கொடுத்திருந்தார். விளைச்சலில் பங்காக வாரம் கேட்கவில்லை, குத்தகை கேட்கவில்லை.

"ஒண்ணும் வாணாம், பயிர் வச்சுச் சாப்புடுங்கடான்னுட்டாரு. அந்த மனசு யாருக்கு வரும்?" என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது தோளில் இருக்கும் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கும், பெரிய வீட்டுக்காரர் எதிரில் நிற்பதைப் போல.

ஏரியின் வயிறு யாருடைய சொத்தும் இல்லை, அவர் கொடுத்தது அவருடையதே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்பாவுக்கு அப்போதே தெரிந்திருக்கலாம். தெரிந்தும் கைகூப்பினார் என்று நினைத்தால்தான் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

ஒரே ஒரு கட்டளை இருந்தது. குருவி ஓட்டுகிற பிள்ளைகள் மேட்டுப் பக்கத்தில், பெரிய வீட்டு வரப்போரம்தான் நிற்க வேண்டும். முகம் ஏரியைப் பார்த்திருக்க வேண்டும். "ஏரியில இருந்து வந்தது ஏரிக்கே போவட்டும்" என்று, அவருடைய கழனிகளை மேற்பார்த்த காரியக்காரர் நாற்று நட்ட அன்றைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

குருவிகளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. தண்ணீரோரம் ஆள் உயரத்துக்குச் சம்பும் கோரையும் மண்டிக் கிடந்தன அல்லவா, அதற்குள்தான் அவை அடையும். விடிந்து வெயில் சம்பின் நுனியைத் தொட்டதும் உள்ளே ஒரு சலசலப்பு எழும், எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி. பிறகு ஒரே மூச்சில் கிளம்பும். நெல்லுக்குருவி, தூக்கணாங்குருவி, நடுநடுவே பத்துப் பதினைந்து கிளி. கதிர் பால் பிடிக்கிற நாள் அவற்றுக்கு எப்படியோ தெரிந்துவிடும். கதிரைப் பிய்க்காது, முறிக்காது. தாளைக் காலால் பிடித்துக்கொண்டு மணியை அலகில் வைத்து ஒரு நசுக்கு நசுக்கும். பாலை மட்டும் உறிஞ்சிவிட்டு அடுத்த மணிக்குப் போகும். தூரத்திலிருந்து பார்த்தால் கழனி முழுசாகத்தான் தெரியும். கிட்டே போனால்தான் தெரியும். நல்ல கதிர் தலை கவிழ்ந்திருக்கும், உறிஞ்சப்பட்ட கதிர் வெளுத்துப்போய் நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்து நிற்கிற கதிரைக் கண்டால் அம்மா முகம் சுருங்கும்.

எனக்குக் குருவிகள் மேல் பாசம் இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். என் சோற்றைத் தின்ன வந்தவை அவை. கவணில் வைத்து அடிக்க, களிமண்ணை உருட்டிச் சாம்பலில் காயவைத்து மடி நிறையக் கட்டிக்கொண்டு போவேன். சீமெண்ணெய்த் தகரம் ஒன்று இருந்தது. ஒரு மூங்கில் கழியில் பச்சைக் கண்ணாடிப் பாட்டில்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தோம். புதுச்சேரியில் வெள்ளைக்காரர் வீட்டுப் பின்வாசலிலிருந்து அப்பா பொறுக்கி வந்தவை. காற்றடித்தால் ஒன்றோடொன்று மோதி ஒலிக்கும். முதல் மூன்று நாள் குருவிகள் பயந்தன. நாலாம் நாள் ஒரு தூக்கணாங்குருவி பாட்டிலின் கழுத்திலேயே உட்கார்ந்து ஆடியது.

அதன் பிறகு தொண்டை ஒன்றுதான் மிச்சம். விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் கத்த வேண்டும். கத்தினால் எழும், சம்புக்குள் போகும், கூழைக் குடித்து வாயைத் துடைப்பதற்குள் திரும்பி வரும். ஒரு நாளைக்கு நூறு தரம். என் குரல் கரகரப்பானது அந்த வருஷம்தான். இன்று நான் பாடம் சொல்லும்போது கடைசி வரிசைக்கும் கேட்கிறதே, அந்தக் குரல்தான் அது.

அந்த வருஷம் எனக்குப் பத்து வயது. அம்மா பிரெஞ்சு அரசாங்கத்தின் கொம்யூன் பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் தண்ணீர் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, எனக்கு எட்டு வயதில் ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்காரவைத்துவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. வாத்தியாரும் எழுப்பவில்லை. இரண்டு வருஷம் அந்த ஓரத்தில் இருந்து படித்தேன். கதிர் வந்ததும் அப்பா என்னை நிறுத்திக் கழனிக்கு அனுப்பினார்.

வாத்தியார் அம்மாவிடம், "பங்குனி கடைசிக்குள்ள வந்தா பரீட்சை எழுதலாம். வரலன்னா பேர எடுத்துடுவேன்" என்றார்.

அப்பாவும் தன் பங்குக்குச் சொன்னார்: "வெள்ளாம வூடு வந்து சேரட்டும், மறுநாளே அனுப்பறேன். சேரலன்னா இன்னா பண்றது? பெரியவூட்டம்மா சாணி வார ஆளு கேட்டுக்கினு கீறாங்க. ரெண்டு வேள கூழாச்சும் அங்க கெடைக்கும்."

ஆகவே குருவி தின்ற ஒவ்வொரு கதிரும் என்னைப் பெரிய வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு ஒரு அடி தள்ளியது. எனக்கு அது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒன்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்குப் பின்னால், வரப்புக்கு அந்தப் பக்கம், பெரிய வீட்டுக் கழனி கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அங்கே பொம்மை இல்லை, தகரம் இல்லை, ஒரு ஆள் இல்லை. ஒரு குருவியும் அங்கே போகவில்லை.

"அவரு வருஷா வருஷம் அய்யனாருக்குக் கெடா வெட்றாரு" என்றார் அப்பா. "அய்யனாரு காவல் நிக்கறாரு. நாம இன்னா வெட்னோம்?"

நம் தெருவே அப்படித்தான் நம்பியது. நானும் நம்பினேன். கடா வெட்ட வழியில்லாத வீட்டில் பிறந்ததற்காக அம்மாவிடம் சண்டைகூடப் போட்டேன்.

ஒரு நாள் காலையில் கலயத்துக் கூழை எறும்பு மொய்த்துவிட்டது. பசி தாங்காமல், அல்லிக் கிழங்கு பிடுங்கலாம் என்று பயிருக்குள் புகுந்து தண்ணீரோரம் இறங்கினேன். தகரம் கையில் இருந்தது. முழங்கால் சேற்றில் நின்று கிழங்கைத் துழாவிக்கொண்டிருந்தபோது, சம்பின் வேறு மூலையிலிருந்து கூட்டம் எழுந்து என் தலைக்கு மேலாகப் பறந்து எங்கள் துண்டில் இறங்கியது. மேட்டுக்கு ஓட நேரமில்லை. நின்ற இடத்திலேயே தகரத்தை அடித்துக் கத்தினேன்.

குருவிகள் எழுந்தன. ஏரிப் பக்கம் நான் நின்றேன், அதனால் இந்தப் பக்கம் வர முடியவில்லை. அப்படியே மேட்டுக்குப் போய், வரப்பைத் தாண்டி, பெரிய வீட்டுக் கழனியில் உட்கார்ந்தன.

அய்யனார் வரவில்லை.

நான் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். அவை திரும்பவே இல்லை. திரும்ப வேண்டிய அவசியம் என்ன? எங்களுடையதைப் போலப் பத்து மடங்கு கதிர் அங்கே இருந்தது. அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கூழ் குடிக்கிற நேரம் முழுக்க எனக்கு அமைதி கிடைத்தது. இடுப்பில் செருகியிருந்த சிலேட்டுப் பலகையை எடுத்து அங்கேயே வாய்ப்பாடு எழுதிவிட்டு, மறுபடி கிழங்கு துழாவினேன்.

காரியக்காரர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பின் மேல் ஓடி வந்தார்.

"ஏய்! எந்தப் பக்கம் நின்னுடி ஓட்டறே? மேல வா! மேல வந்து நில்லு!"

"கெழங்கு புடுங்கறேன்."

"கெழங்கா? குருவி மொத்தமும் ஆண்டே கழனியில ஒக்காந்துக்கினு கீது, கெழங்கு புடுங்கறாளாம்! ஒங்கப்பன் மூஞ்சியப் பாத்தா இந்தத் துண்ட குடுத்தாங்க? வேலிடி! நீங்க அஞ்சு பேரும் குருவிக்குப் போட்ட வேலி! வேலி வேலியா இருக்கணும்!"

கோபத்தில் உளறிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே உறைத்திருக்க வேண்டும். செருப்பைப் போட்டுக்கொண்டு, "மேல வந்து நில்லு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. குருவி ஏரியிலிருந்து புறப்பட்டால் முதலில் பார்ப்பது எங்கள் கதிரை. நாங்கள் விரட்டினால் ஏரிக்குப் போகும், திரும்பி வரும், மறுபடி முதலில் எங்கள் கதிரைத்தான் பார்க்கும். எங்கள் கழனியில் தின்று, எங்கள் தொண்டையில் அடிபட்டு, எங்கள் கழனிக்கே திரும்பும். அவர் வரப்பை ஒரு நாளும் தாண்டாது. வாரம் வேண்டாம் என்று அவர் சொன்னது இதற்குத்தான். குருவி தின்றது போக மிச்சம் எங்களுக்கு.

மறுநாள் நான் தெரிந்தே தண்ணீரோரம் போய் நின்றேன். நீங்களும் வந்தீர்கள். முதலில் ஓடி வந்தவள் யார் தெரியுமா? பந்தியில் என்னைப் பேசினாளே, அவளேதான். "வேலிக்குக் காலு மொளைச்சிடுச்சிடி" என்று கத்திக்கொண்டு பாவாடையைத் தூக்கிச் செருகிச் சேற்றில் குதித்தாள். ஐந்து பேரும் ஐந்து தகரத்தோடு வரிசையாக நின்றோம். அந்த நாலு நாளைப் போல நான் சிரித்ததே கிடையாது. நம் கதிர்கள் தலை கவிழ ஆரம்பித்தன.

ஐந்தாம் நாள் பெரிய வீட்டுக்காரரே வந்தார். புதுச்சேரிக்குப் போகும்போது வைத்துக்கொள்ளும் தொப்பி, கையில் தடி. காரியக்காரர் குடை பிடித்தார். அப்பாவை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். துண்டு இடுப்பில் இருந்தது.

"இதுதானா?"

"சின்னப் பொண்ணு ஆண்டே. தெரியாம..."

நம் தெருவில் எல்லோரும் அவரை ஆண்டே என்றுதான் கூப்பிடுவார்கள். என் வாய்க்கு அது வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பெரிய அதிகாரி வந்தபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு வணக்கத்தைச் சொன்னேன்.

"போன்ழூர், முசியே."

திட்ட வாயெடுத்தவர் பழக்கத்தில் தொப்பியை லேசாகத் தொட்டுவிட்டார். நம்மில் யாரோ களுக்கென்று சிரித்தீர்கள். அதில்தான் அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"எதுக்குடி அந்தப் பக்கம் நிக்கறே?"

"இந்தப் பக்கம் நின்னா திரும்பி எங்க கழனிக்கே வருது, முசியே. அந்தப் பக்கம் நின்னா வரல."

"என் கழனிக்கு வருதே?"

"உங்க ஆளு நின்னு ஓட்டட்டும். நாங்க வாணான்னு சொல்லலியே."

அவர் என்னை விட்டுத் திரும்பினார். அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்குக் காலையில அஞ்சு பேரும் என் வரப்போரம் நிக்கணும். இல்லன்னா நாளைக்கே என் நெலத்த வுட்டு எறங்கிடுங்க. எறங்கு எறங்குன்னு ரெண்டு தரம் சொல்ல மாட்டேன்."

அவர் போனதும் அப்பா என்னைக் கன்னத்தில் அறைந்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். கை சேறாக இருந்தது. கன்னத்தில் ஒட்டிய சேற்றை நான் துடைக்காமல் வீட்டுக்கு நடந்தேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஐந்து வீட்டுக்காரர்களும் எங்கள் வாசலில் கூடினார்கள். அறுப்புக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

"பதினஞ்சு நாளுதான். வாய மூடிக்கினு வரப்போரம் நிக்கட்டும்" என்றார் அப்பா.

"பதினஞ்சு நாள்ல மிச்சம் இன்னாய்யா இருக்கும்? போன வருஷம் வைக்கோலத்தான தூக்கியாந்தோம்?" என்றாள் அம்மா.

"அய்யனாரு வுட்ட வழி."

"அய்யனாரு அவரு கழனியில ஒரு குருவியக்கூட ஓட்டல" என்றேன் நான். "நான் பாத்தேன்."

அப்பா கை ஓங்கவில்லை. அம்மா எழுந்து போய், அன்று கழனியிலிருந்து கொண்டு வந்திருந்த ஒரு கதிரை எடுத்தாள். ஒரு மணியை உருவிப் பல்லில் வைத்துக் கடித்தாள். இன்னொன்றைக் கடித்தாள்.

"செங்காய்" என்றாள். "பாலும் இல்ல, முத்தலும் இல்ல. அவலுக்கு இதுதான் பதம்."

மற்ற நாலு வீட்டுப் பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆண்களுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

"எறங்கத்தான சொன்னாரு?" என்றாள் அம்மா. "எறங்கிடலாம். பயிர வுட்டுட்டு எறங்குன்னு சொல்லலியே."

விடிந்ததும் ஐந்து குடும்பமும் அரிவாளோடு இறங்கினோம். நீங்கள் கட்டு தூக்கினீர்கள். அந்தப் பச்சைத் தாளின் வாசனை எனக்கு இன்னமும் நினைவிருக்கிறது. முற்றிய நெல்லில் வராத ஒரு வாசனை, பால் காய்ச்சும்போது பொங்குவதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி. உச்சி வெயிலுக்குள் ஏரியின் வயிறு வெறும் சேறும் தாளடியுமாகக் கிடந்தது.

வரப்போரம் நாங்கள் நிற்கிறோமா என்று பார்க்க வந்த காரியக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாடா பண்ணிட்டீங்க? பச்சையா அறுத்துட்டீங்களேடா!"

"ஆண்டே எறங்கச் சொன்னாரு" என்றார் அப்பா. "எறங்கிட்டோம்."

அதைச் சொல்லும்போது துண்டு அவர் தோளில்தான் இருந்தது. நான் கவனித்தேன்.

அன்று சாயங்காலம் குருவிகள் வந்தன. எங்கள் தாளடிக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றின. நிற்கவில்லை. நேராக வரப்பைத் தாண்டிப் போய்விட்டன.

இரண்டு பகல் தெருவெல்லாம் உலக்கைச் சத்தம். ஓட்டில் வறுத்து, சூட்டோடு உரலில் போட்டு இடித்து, புடைத்து எடுத்த அவல் இளம்பச்சையாக இருந்தது. ஆண்கள் தலைச்சுமையாக வில்லியனூர்ச் சந்தைக்குக் கொண்டு போய்க் கேழ்வரகாக மாற்றிக்கொண்டு வந்தார்கள். முற்றவிட்டு, குருவியும் தின்னாமல் இருந்திருந்தால் அதைப் போல ஒன்றரைப் பங்கு கிடைத்திருக்கும். மறைக்கவில்லை. விதைநெல் கிடையாது. அடுத்த வருஷம் அந்தச் சேறு எங்களுக்குக் கிடையாது. பெரிய வீட்டு அறுவடைக்கு எங்கள் தெரு ஆண்களைக் கூப்பிடவில்லை. அப்பா கரும்பு வெட்ட ஏம்பலம் வரைக்கும் நடந்தார். இரண்டு வருஷம் வயிறு காய்ந்தது. கழனி போச்சு என்று அவள் சொன்னதற்கு அர்த்தம் இதெல்லாம்தான். போனது போனதுதான். ஆனால் அது வேலியாகப் போட்ட கழனி. அதைப் பற்றி அவள் பந்தியில் சொல்லவில்லை.

அறுத்த ஐந்தாம் நாள் காலையில் காரியக்காரர் எங்கள் தெருவுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது, குரல் கட்டிப்போயிருந்தது. நாலு நாளாக அவரே கத்தியிருக்க வேண்டும். பெரிய வீட்டுக் கழனி இன்னும் பத்து நாள் நிற்க வேண்டியிருந்தது.

"அஞ்சு புள்ளைங்களையும் அனுப்புங்க. கூலி தரேன்னாரு. மதியம் கஞ்சியும் உண்டு, சோத்துக் கஞ்சி."

உங்களில் இரண்டு பேர் போனீர்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. சோற்றுக் கஞ்சி என்றால் அன்றைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும்.

நான் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். பங்குனி முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. காரியக்காரர் என்னைப் பார்த்தார்.

"இந்தா, நீ மொதல்ல வா. ஒனக்குத்தான் நல்ல தொண்டை."

அப்பா கரும்பு வெட்டும் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். தலை தூக்கவில்லை.

"அதுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்றார்.

"டேய், ஆண்டே கழனி அங்க போய்க்கினு கீது. இந்தப் பொண்ணு படிச்சு இன்னாத்தக் கிழிக்கப் போவுது? அப்ப குருவிய யாருடா ஓட்றது?"

அப்பா கத்தியின் கூரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"நீ ஓட்டு" என்றார்.

அப்பா பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நான் நிற்கவில்லை. மணி அடிப்பதற்குள் போக வேண்டும்.